கச்சான் அடிக்கிற ஊருக்கு எந்த நாய்க்குட்டி?

கேள்வி: அக்கா, நாங்க திருகோணமலை உவர்மலையில மாடி வீடொண்டில வாடகைக்கு இருக்கிறம், மேல சீட் கூரை. நானும் அவரும் வேலைக்குப் போயிடுவம், அம்மாதான் வீட்டில நிப்பா, அவவுக்கு முழங்கால் நோவு. மகளுக்கு 4 வயசு, நாய்க்குட்டி வேணுமெண்டு ஒரே அழுகை. சின்னச் சாதிதான் எண்டு முடிவெடுத்திட்டம். எனக்கு ஷிட்சு விருப்பம், அவர் பொமேரியனோட வளந்த மனுசன், அதால பொமேரியன்தான் எண்டு நிக்கிறார். அவ்வளவு மயிரோட பொமேரியன் எங்கட வெயிலைத் தாங்குமா? எதை வாங்கட்டும்?
– உவர்மலை வாசகி

பதில்: தங்கச்சி, நாயைப் பற்றிக் கதைக்க முதல் உங்கட கூரையைப் பற்றிக் கதைப்பம். நானும் சீட் கூரை வீட்டில கொஞ்சக் காலம் இருந்தனான், மே மாசம் தொடங்கி செப்டெம்பர் மட்டும் கச்சான் எண்ட வறண்ட தென்மேல் காத்து அடிக்கேக்க பகல் 11 மணிக்குப் பிறகு ஃபேன் போட்டாலும் சுடுகாத்துத்தான் வரும், இதில கரண்டும் போனா சொல்லத் தேவையில்ல. அந்த நேரம் நீங்க ரெண்டு பேரும் வேலையில, வீட்டில அம்மாவும் நாயும் மட்டும். அதை நினைச்சுத்தான் நான் இந்தப் பதிலை எழுதுறன்.

மயிர் அடர்த்தியா இருந்தா வெக்கையும் கூட எண்டுதான் எங்கட ஆக்கள் பாக்கிறது. ஆனா நாய்க்கு எங்களைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது, பாதத்தில மட்டும் கொஞ்சம் வேர்க்கும், மிச்சச் சூடெல்லாம் வாயைத் திறந்து நாக்கை நீட்டி இளைச்சு இளைச்சுத்தான் வெளிய போகோணும், அந்தக் காத்து மூக்காலயும் தொண்டையாலயும் போய் வாறதாலதான் உடம்பு ஆறும். ஷிட்சுவின்ட மூஞ்சை நல்லாப் பாருங்கோ, மூக்கு உள்ளுக்கு அமுங்கி, மூக்குத் துவாரம் ஒடுங்கி, மேல்வாயின்ட மெதுவான சதையும் தொண்டைக்குள்ள நீண்டு கிடக்கும். அதால அதுக்கு இளைக்கிறதே ஒரு வேலை, இளைக்க இளைக்க இன்னும் சூடாகும். பொமேரியனுக்கு மூஞ்சு சின்னனெண்டாலும் நரிமூஞ்சு போல கூரா இருக்கும், காத்து போய்வர வழியிருக்கு. பொமேரியனும் குளிர் தேசத்து நாய்தான், பால்டிக் கடலுக்குப் பக்கத்தில பொமரேனியா எண்ட இடத்துப் பேரைத்தான் அது வச்சிருக்கு, வெயிலில விட்டா அதுக்கும் ஆபத்துத்தான். ஆனா ரெண்டில எது கெதியா விழும் எண்டு கேட்டா ஷிட்சுதான்.

இதை நான் கண்ணால கண்டனான். எங்களிட்ட முந்தி ஒரு ஷிட்சு இருந்தது, ஒரு ஜூலை மாசம் காலமை 9 மணிக்கு டச்பே கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனம், வெயில் ஏறேல்ல எண்டுதான் நினைச்சனான், அரை மணித்தியாலம்கூட ஆகேல்ல, நாக்கு கருஞ்சிவப்பாகி, பாணியா எச்சில் வடிஞ்சு, காலை மடக்கிக்கொண்டு மணலில படுத்திட்டுது. நல்ல காலம் பக்கத்துக் கடையில தண்ணி இருந்தது, உடம்பு முழுக்க ஊத்தி, துவாயால விசுக்கி, பிறகுதான் ஓட்டோவில டொக்டரிட்ட கொண்டு போனம். நாயின்ட சாதாரணச் சூடு 38 பாகையில இருந்து 39க்குக் கொஞ்சம் மேல வரைக்கும், 41 தாண்டினா உயிருக்கே மோசம், அதால முதல் தண்ணி, பிறகுதான் ஓட்டோ, இதை ஒருக்காலும் மாத்திச் செய்யாதீங்கோ. அண்டைக்குப் பிறகு அது இருந்த காலம் மட்டும் வெயில் நாளில காலமை ஏழு மணிக்குப் பிறகு வெளிய விடவே இல்ல.

ஷிட்சுவின்ட கண்ணும் வெளிய தள்ளிக்கொண்டு நிக்கிற கண், கச்சான் புழுதியும் முகத்து மயிரும் குத்திக் கருவிழியில புண் வரும், பிந்தினா பார்வையே போகும். மயிர் எங்கட தலைமயிரைப் போல வளர்ந்துகொண்டே இருக்கும், நாளுக்கு ஒருக்கா சீவோணும், இல்லாட்டி ஆறேழு கிழமைக்கு ஒருக்கா கட்டையா வெட்டோணும். முழங்கால் நோவோட அம்மா குனிஞ்சு சீவ மாட்டா, வேலையால வந்து நீங்கதான் செய்யோணும், ஒவ்வொரு நாளும் ஏலுமா?

பொமேரியனிலயும் குறை இருக்கு, மறைக்க மாட்டன். குலைக்கும். காகத்துக்குக் குலைக்கும், ரோட்டால போற மானுக்குக் குலைக்கும், தீபாவளி வெடிக்குக் கட்டிலுக்குக் கீழ ஓடி ஒளிச்சு நடுங்கும். கீழ் வீட்டு ஆக்களிட்ட முதலே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கோ. மயிர் கொட்டும், சோத்துக் கோப்பையிலயும் கிடக்கும், இந்த விசயத்தில ஷிட்சு எவ்வளவோ மேல். முழங்கால் சில்லு விலகிற வருத்தம் இந்தச் சாதியில கனக்க, கட்டிலால குதிச்சே காலை முறிக்கும். மூச்சுக் குழாயும் மெல்லிசு, அதால கழுத்துப் பட்டியில இழுக்காதீங்கோ, நெஞ்சோட பூட்டுற பெல்ட்தான் போடோணும்.

மகளை நினைச்சுத்தான் எனக்குக் கொஞ்சம் யோசனை. ஷிட்சு 4 இல இருந்து 7 கிலோ வரைக்கும் வரும், உடம்பு கட்டு, குணமும் ஆறுதல், பிள்ளை கட்டிப் பிடிச்சாலும் பேசாமல் இருக்கும். பொமேரியன் 2, 3 கிலோ தான், நாலு வயசுப் பிள்ளை தூக்கி நழுவ விட்டா எலும்பு போயிடும். நீங்க கீழ் வீட்டில ஓட்டுக் கூரைக்குக் கீழ, முத்தத்தில வேப்ப மரத்தோட இருந்திருந்தா மகளுக்காக ஷிட்சுவையே வாங்கச் சொல்லியிருப்பன்.

உங்கட வீட்டுக்கு என்ட முடிவு பொமேரியன். ஆனா கொஞ்சம் பெரிய உடம்பா, ஒரு வயசு தாண்டினதாப் பாருங்கோ. உள்ளங்கையில வச்சுக் காட்டுற டீகப் பொமேரியனுக்கு மயங்கிடாதீங்கோ. விக்டோரியா மகாராணி 1888 இல இத்தாலியில கண்டு ஆசைப்பட்டு வளத்த பொமேரியன்கூட 5 கிலோவுக்கு மேல, பிறகுதான் இந்தச் சாதியைச் சின்னனாக்கிச் சின்னனாக்கிக் கொண்டு வந்தவங்கள். எங்கட ஊரில பொமேரியன் எண்டு வளக்கிற கொஞ்சம் பெரிய வெள்ளை நாயள் இருக்கே, கலப்பு எண்டு சிலர் முகம் சுளிப்பினம், உங்கட மகளோட விளையாட அதுதான் தோது.

வளந்த நாயைச் சொல்லுறதுக்குக் காரணம் அம்மாதான். சின்னக் குட்டி எண்டா நாளுக்கு நாலு தரம் சாப்பாடு, ஒரு நேரம் தவறினாலே சீனி இறங்கி சோர்ந்து விழும், கண்ட இடமெல்லாம் மூத்திரம், இதையெல்லாம் அவ துடைக்க ஏலாது. இன்னுமொண்டு, அம்மாவின்ட கால்மாட்டில வந்து படுக்கும், தெரியாமல் தடக்கி விழுந்தா அவவுக்கும் ஆபத்து நாய்க்கும் ஆபத்து, நெஞ்சுப் பெல்ட்டில ஒரு சின்ன மணி கட்டி விடுங்கோ. மகளுக்கு ஒரே ஒரு சட்டம், நிலத்தில இருந்துதான் நாயை மடியில எடுக்கலாம், நிண்டுகொண்டு தூக்கக் கூடாது.

வாங்கேக்க தடுப்பூசி அட்டையைக் கையில வாங்கிப் பாருங்கோ, பார்வோ எண்ட வயித்தோட்ட வைரசுக்கான ஊசியும் விசர்நாய்த் தடுப்பூசியும் போட்டிருக்கோணும். வந்த அண்டைக்கே காதுக்குள்ளயும் விரல் இடுக்கிலயும் உண்ணி தேடுங்கோ, அடர்ந்த மயிருக்குள்ள ஒளிச்சிருக்கும், எங்கட பக்கம் உண்ணிக் காய்ச்சலால போற நாயள் கனக்க. பகலில அம்மா இருக்கிற அறையில சீமெந்து நிலத்தில ஈரத் துவாய் ஒண்டு விரிச்சு வையுங்கோ, கரண்ட் இல்லாத நேரம் அது தானாப் போய்ப் படுக்கும்.

கேள்வி: அக்கா, எங்கட பொமேரியன் வெக்கையில சரியாக் கஷ்டப்படுது. மெசினால மொட்டை அடிச்சு விடலாமா?
– நிலாவெளி வாசகர்

பதில்: ஐயோ தம்பி, வேண்டாம். அதுக்கு மயிர் ரெண்டு அடுக்கு, உள்ள பஞ்சு, மேல நீட்டு மயிர். வெயில் நேரா தோலில படாமல் தடுக்கிறது அந்த மேல் அடுக்குத்தான். ஒட்ட அடிச்சா சில நாய்க்குத் திரும்ப முளைக்க ஒரு வருசத்துக்கு மேல எடுக்கும், சிலதுக்குத் திட்டுத் திட்டா நிண்டிடும், எந்த எண்ணெய் பூசியும் வராது. கிழமைக்கு மூண்டு தரம் பஞ்சு மயிரை இழுத்துச் சீவி எடுங்கோ, அதுவே பெரிய ஆறுதல். குண்டிப் பக்கமும் பாதத்து இடுக்கும் மட்டும் கத்தரிக்கோலால அளவா வெட்டலாம். ஏற்கனவே அடிச்சிட்டீங்க எண்டா நடு வெயிலில விடாமல், வெளிய போகேக்க மெல்லிய பருத்தித் துணியில சட்டை ஒண்டு போட்டு விடுங்கோ. நவம்பரில மழை தொடங்கினா குளிக்க வார்த்த பிறகு அடி மயிர் வரைக்கும் காய வையுங்கோ, ஈரம் நிண்டா தோல் புண்ணாகி நாறும்.