கீழக்கரையில் போர் தண்ணீருக்கு எந்த கீசர் தாங்கும்?

25 லிட்டர் கீசர் மூன்றே வருடத்தில் ஒழுகிவிட்டது, அடுத்து ஸ்டீல் டேங்க் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்பேன். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்குத் துரு பிடிக்காது என்று கடைக்காரர் சொல்வார். உங்கள் ஊர் உப்புத் தண்ணீரில் உள்ள குளோரைடு, அதிலும் சூடானால், வெல்டிங் ஓரமாகப் பார்த்துப் பொத்தல் போடும்.

உள்பக்கம் கண்ணாடிப் பூச்சு (கிளாஸ்லைன்) உள்ள டேங்க் வாங்குங்கள். ஆனால் உயிர் அதற்குள் இருக்கும் மெக்னீசியம் ஆனோடு கம்பியில்தான். டேங்குக்குப் பதிலாக அது கரையும். தீர்ந்ததும் அரிப்பு டேங்கில் ஆரம்பிக்கும். பெரும்பாலான வீடுகளில் இதை யாரும் கழற்றிப் பார்ப்பதே இல்லை! வருடம் ஒருமுறை சர்வீஸ்காரரிடம் கேட்டு மாற்றுங்கள், தண்ணீரைச் சூடாக்கும் ஹீட்டர் கம்பியில் படிந்த உப்பையும் அப்போதே எடுத்துவிடலாம். வெளி உடம்பு பிளாஸ்டிக்காக இருக்கட்டும், கடல் காற்றுக்குத் தகரம் நிற்காது. சூட்டை 50 டிகிரியில் வைத்தால் உப்புப் படிவது குறையும். நம் ஊர் வெயிலுக்கு அதுவே அதிகம்.

வாரன்டி அட்டையில் தண்ணீரின் டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) வரம்பு போட்டிருப்பார்கள். பணம் கட்டும் முன் அதைப் படியுங்கள். காவிரிக் குழாய்த் தண்ணீர் தொட்டிக்கு வருகிறதென்றால் கீசருக்கு அந்த லைனையே கொடுங்கள்.