கெர்னலுக்கு முதல் பேட்ச்: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

மொதல்லயே சொல்லிடறேன், நான் மெயின்டெய்னர் (வர்ற பேட்ச்ச பாத்து சேத்துக்கற பொறுப்பாளர்) கிடையாது. ஆறேழு வருஷமா லினக்ஸ் கெர்னலுக்கு, அதாவது அந்த ஆப்பரேட்டிங் சிஸ்டத்தோட மையப் பகுதிக்கு, சின்ன சின்னதா பேட்ச் (கோட்ல பண்ற திருத்தம்) அனுப்பிட்டு இருக்கேன், அவ்ளோதான்.

செல்வா: அண்ணா, சி லாங்குவேஜ் ஓரளவு வரும். ஆனா கெர்னல் சோர்ஸ தொறந்தாலே தல சுத்துது, எல்லாம் படிச்சிட்டுதான் எறங்கணுமா?

மூணு கோடி வரிக்கு மேல இருக்கு தம்பி, முழுசா படிச்ச ஆளுன்னு ஒருத்தர் கூட இருக்க மாட்டாங்க. டிரைவர்ஸ் ஃபோல்டருக்குள்ள ஸ்டேஜிங்னு ஒண்ணு இருக்கும், இன்னும் தரத்துக்கு வராத டிரைவருங்க கிடக்கற எடம், அங்கேர்ந்து ஆரம்பி. உள்ள ஒரு டூடூ ஃபைல் இருக்கும், என்னென்ன பாக்கின்னு அதுலயே எழுதியிருப்பாங்க. கோட் எழுதியிருக்கற முறைய சரிபாக்க செக்பேட்ச்னு ஒரு ஸ்கிரிப்ட் இருக்கு, அத ஒரு ஃபைல் மேல ஓட்டிப்பாரு, வார்னிங்கா கொட்டும். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்க, ஸ்டேஜிங்க தாண்டி வேற எடத்துல போய் ஸ்பேஸ் திருத்தறேன் டேப் திருத்தறேன்னு கெளம்பிடாத, பழைய வெர்ஷனுக்கு பக் ஃபிக்ஸ் கொண்டு போறவங்களுக்கு அதனால கான்ஃப்ளிக்ட் வரும், எரிச்சல்தான் மிஞ்சும்.

கவிதா: கிட்ஹப்ல லினக்ஸ உருவாக்கின லினஸோட ரெப்போ இருக்கே, அதுலயே புல் ரிக்வெஸ்ட் போட்டா என்ன?

அது சும்மா மிரர்ங்க, வெறும் நகல், அங்க போட்டா யாரும் பாக்க மாட்டாங்க. எல்லாமே மெயில்தான், அதுவும் ப்ளெயின் டெக்ஸ்ட். என் மொத பேட்ச்ச ஜிமெயில் வெப்ல அப்படியே பேஸ்ட் பண்ணி அனுப்பினேன், டேப் எல்லாம் ஸ்பேஸா மாறிப் போயிருந்தது. அது தெரியாம ரெண்டு நாளா இன்பாக்ஸயே பாத்துட்டு இருந்தேன், கடைசில "பேட்ச் அப்ளை ஆகல"ன்னு ஒரே வரில பதில் வந்துச்சு. அதனால பேட்ச்ச கெடுக்காம மெயில்ல அனுப்பற கிட் சென்ட்-இமெயில் கமாண்ட செட் பண்ணிக்கோங்க, ஜிமெயில்னா டூ ஸ்டெப் ஆன் பண்ணி ஆப் பாஸ்வேர்ட் எடுக்கணும். மொதல்ல உங்களுக்கே ஒண்ணு அனுப்பி, அந்த மெயில சேவ் பண்ணி, கிட் ஏஎம் கமாண்ட் போட்டு, மெயில்ல இருக்கற பேட்ச் கோட்ல ஏறுதான்னு பாத்துட்டு அப்புறம் வெளிய அனுப்புங்க. யாருக்கு அனுப்பணும்னு கெட்-மெயின்டெய்னர் ஸ்கிரிப்டே சொல்லிடும்.

முருகன்: இந்த கோட அனுப்ப எனக்கு உரிமை இருக்குன்னு பேட்ச்ல போடற சைன்ட்-ஆஃப்-பை வரில முழு பேர் கேக்கறாங்களே, எனக்கு சர்நேமே இல்ல சார், இனிஷியல்தான்.

நம்மாளுங்க எல்லாருக்கும் வர்ற சந்தேகம்தான் இது! இனிஷியலோட போடுங்க, ஒண்ணும் ஆகாது. இந்த வரி எப்படி வந்துச்சுன்னா, 2003ல எஸ்சிஓன்னு ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி ஐபிஎம் மேல கேஸ் போட்டு, லினக்ஸ்ல எங்க கோட் இருக்குன்னு கெளப்பிச்சு. எந்த வரி யார்கிட்டேர்ந்து வந்துச்சுன்னு தடம் இருக்கணும்னு 2004ல கொண்டு வந்ததுதான் இந்த வரி. முன்னாடி "உண்மையான பேர்"னு எழுதியிருந்தாங்க, 2023ல அத "தெரிஞ்ச அடையாளம்"னு மாத்திட்டாங்க, அனானிமஸா மட்டும் அனுப்ப முடியாது. மெயில் ஃப்ரம்ல இருக்கற பேரும் ஐடியும் இதுவும் ஒண்ணா இருக்கட்டும், இல்லன்னா செக்பேட்ச் கத்தும்.

ரம்யா: பேட்ச் அனுப்பி பத்து நாள் ஆச்சு, ஒரு பதிலும் இல்ல. வேண்டாம்னு விட்டுட்டாங்களா?

இல்லம்மா, மெர்ஜ் விண்டோவா இருக்கும், பாரு. ஒரு வெர்ஷன் வெளிய வந்ததும் ரெண்டு வாரம் புதுசெல்லாம் உள்ள போகும், அப்ப மெயின்டெய்னருங்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. அப்புறம் வாரம் ஒரு ஆர்சி (ரிலீஸுக்கு முன்னாடி சோதிச்சுப் பாக்க விடற வெர்ஷன்), ஏழோ எட்டோ வரும், மொத்தம் ஒம்போது பத்து வாரம். ஆர்சி1 வந்ததும் ஒரு வாரம் விட்டு பணிவா ஒரு வரி கேளு. திருத்தச் சொன்னா வி2ன்னு ரெண்டாவது வெர்ஷன் போடு, என்ன மாத்தினன்னு பேட்ச்ல "---"ன்னு வர்ற மூணு கோடுக்குக் கீழ எழுது, மேல எழுதினா அது கிட் ஹிஸ்டரிலயே போய் உக்காந்துக்கும்.

தினேஷ்: 4 ஜிபி ராம் லேப்டாப் ப்ரோ, கம்பைல் ஆகுமா?

மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்னு கமாண்ட் போடு, உன் மெஷின்ல ஓடற மாட்யூல் மட்டும் கம்பைல் ஆகும். ஸ்டேஜிங் வேலைக்கு அந்த ஒரு டைரக்டரிய மட்டும் மேக் பண்ணாலே போதும், டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள முடிஞ்சிரும்.

ஆனந்த்: ஏஐ கிட்ட எழுதி வாங்கி அனுப்பலாமா?

கையெழுத்து உங்களுது. "இந்த லாக் இங்க எதுக்கு"ன்னு ரிவ்யூவர் கேட்டா நீங்கதான் பதில் சொல்லணும், அதுக்கும் போய் ஏஐயையே கேட்டீங்கன்னா ரெண்டாவது மெயில்லயே கண்டுபிடிச்சிருவாங்க. என்னைக் கேட்டா மொத பத்து பேட்ச்சுக்கு வேண்டாம்.

செல்வா: அண்ணா, நீங்க சொன்ன மாதிரி செக்பேட்ச் ஓட்டிட்டேன், வைஃபை டிரைவர், ஒரே ஃபைல்ல 43 வார்னிங்! எல்லாத்தயும் சரி பண்ணி அனுப்பிடவா?

அய்யோ வேணாம்! ஒரு பேட்ச்ல ஒரே வகை மாத்தம்தான். யூஸ் ஆகாத வேரியபிள் எதாச்சும் இருக்கா பாரு, அத மட்டும் தூக்கு. கமிட் மெசேஜ்ல "வேரியபிள தூக்கிட்டேன்"னு மட்டும் எழுதாத, அது டிஃப்லயே (மாத்தின வரிங்கள காட்டற பகுதி) தெரியுது, இத யாரும் படிக்கறதில்ல, அதனால தூக்கலாம்னு காரணத்த எழுது. தலைப்பு எப்படி ஆரம்பிக்கணும்னு அந்த ஃபைலோட கிட் லாக்ல பழைய பத்து கமிட்ட பாத்தா புரிஞ்சிரும். எழுதிட்டு இன்னிக்கு ராத்திரியே அனுப்பாத, காலைல ஒருதரம் படிச்சுப் பாத்துட்டு அனுப்பு. அந்த வார்னிங்கெல்லாம் எங்கயும் ஓடிடாது.