ஈசிஆர் ஓரம் கார் நிறுத்தினால் விரட்டுகிறார்களா?

தம்பி, ஞாயிறு விடியற்காலை எட்டு காரோடு ஈசிஆர் ஓரம் டீக்கு நின்றோம், ரேஸ் விடவில்லை, ஆனாலும் போலீஸ் விரட்டி, மாற்றிய சைலன்சருக்கு அபராதமும் போட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். எரிச்சல்தான். ஆனால் இரண்டும் வேறு வேறு.

சைலன்சர் விஷயத்தில் வாதாட இடமே இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. 182ஏ-யில் மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம். சத்தத்துக்கு 190(2) தனி, அதில் முதல் தடவையே 10,000 வரை போகும். கடையில் பகிரங்கமாக விற்கிறார்கள், மாட்டினவன்தான் மாட்டுகிறான்! அந்தக் கடுப்பு எனக்கும் உண்டு.

கூட்டம் வேறு கதை. ரேஸுக்கான 189 சும்மா நின்றவன்மேல் பாயாது. ஆனால் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று கிளப்பிவிடலாம். எங்கள் கார் கூட்டத்தையும் அப்படித்தான் கிளப்பினார்கள். அப்புறம் ஒரு ரிசார்ட் பார்க்கிங்கில் பேசி இடம் பிடித்தோம். எத்தனை வண்டி, எத்தனை மணி வரை என்று எழுதி ஸ்டேஷனில் கொடுத்து, நகலில் சீல் வாங்கினோம். அன்றைக்கும் ரோந்து வண்டி வந்தது. எஸ்ஐ ஒரு பழைய கான்டெஸாவின் பானெட்டைத் திறக்கச் சொல்லி, "எங்க மாமாகிட்ட இருந்துச்சு" என்று பத்து நிமிடம் நின்றுவிட்டுப் போனார்.

கிளம்பும்போது ஒருத்தன் ஆக்சிலரேட்டரை மிதித்து உறும விட்டால் மொத்தமும் போச்சு. எங்களில் ஒருவன் அப்படி; இப்போது அவனுக்குத் தகவலே சொல்வதில்லை.