ஏற்காட்டு மேகமூட்டத்தில் சுருட்டுப் புகையிலை வருமா?

கேள்வி: ஏற்காட்டில் ஒரு ஏக்கர் காப்பி, கீழே அயோத்தியாப்பட்டணம் பக்கம் இரண்டு ஏக்கர் போர்த் தண்ணீர்ப் பாசனம் இருக்கிறது. ஈக்வடாரில் மேகமூட்டத்திலேயே சுருட்டுக்கு மேலே சுற்றும் இலை விளைகிறதாம், நல்ல விலையாம். காப்பியை எடுத்துவிட்டு அதைப் போடலாமா? தாத்தா காலத்தில் கீழே புகையிலை போட்டிருக்கிறோம்.

பதில்: அண்ணா, காப்பியில் கை வைக்காதீர்கள். ஈக்வடாரில் மேகம் மூடுவது நிஜம், அதனால்தான் நிழலுக்குத் துணிப்பந்தல் போடாமலே இலை மெல்லிசாக வருகிறது. ஆனால் அந்த வயல்கள் தாழ்நிலத்தில், நல்ல வெக்கையில் இருக்கின்றன; ஏற்காடு கிட்டத்தட்ட 1500 மீட்டர். குளிரில் செடி மந்தமாகும், அதைவிடத் தொல்லை இலையை உலர்த்துவது. அந்த ஈரக்காற்றில் கொட்டகையில் கோத்துத் தொங்கவிட்டால் பச்சை போய்ப் பழுப்பேறுவதற்குள் பூசணம் பிடித்துவிடும்.

அப்புறம் விலை. ஓர் ஊர் இலைக்கு மவுசு வருவதும் போவதும் மண்ணால் மட்டும் நடப்பதில்லை. கியூபாவில் சுருட்டுப் புகையிலைக்குப் பேர்போன பினார் டெல் ரியோ மண் அப்படியேதான் இருந்தது, 1962-ல் அமெரிக்கா தடை போட்டதும் அந்தச் சந்தை அடைபட்டது, நாட்டை விட்டு வெளியேறியவர்கள் தொழிலைக் கையோடு கொண்டுபோய் டொமினிக்கன் குடியரசு, ஹோண்டுராஸ், நிகரகுவா என்று பரப்பிவிட்டார்கள். நிகரகுவாவுக்கு 1979-ல் புரட்சி, 1985-ல் அதன் மேலும் தடை, 1990-ல் நீங்கியது. இன்று அமெரிக்காவுக்குக் கைச்சுருட்டு அதிகம் அனுப்புவதில் அதுதான் முன்னணி. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்துக்காரர்கள் இந்தோனேசியாவின் சுமத்ரா இலையோடு போட்டி போட 1900 வாக்கில் வயல் முழுக்கத் துணிப்பந்தல் போட்டுப் பேர் வாங்கினார்கள், கடைசியில் அவர்கள் விதையே ஈக்வடாரில் குறைந்த செலவில் விளைகிறது. நம்ம பக்கமும் அதே கதைதான்: வெள்ளைக்காரன் காலத்தில் கப்பலேறிய திருச்சி சுருட்டு, திண்டுக்கல் இலையில் சுற்றியது, சிகரெட் பெருகியதும் ஒடுங்கிவிட்டது.

எனக்குப் பயம் இந்த இடத்தில்தான். 1990களில் அமெரிக்காவில் சுருட்டு மோகம் கிளம்பி, ஆண்டுக்குச் சுமார் 10 கோடி எண்ணிக்கையாக இருந்த உயர்தரச் சுருட்டு இறக்குமதி 1997-ல் 40 கோடியைத் தாண்டியது. ஆளாளுக்கு நட்டார்கள். நாற்று, நடவு, அறுவடை முடிந்து வாரக்கணக்கில் உலர்த்தி, அம்பாரம் போட்டு மாதக்கணக்கில் பதப்படுத்தி இலை தயாராவதற்குள் மோகம் இறங்கிவிட்டது, சரக்கு கிடங்கில் தேங்கியது. விலை ஏறின பிறகு நடுபவருக்கு இந்தக் கதிதான்.

சரி, கீழ் நிலம். தாத்தா போட்டது பெரும்பாலும் மெல்லுகிற புகையிலையாக இருக்கும், அது உப்புத் தண்ணீரைத் தாங்கும். சுருட்டு இலை அப்படியில்லை. தண்ணீரில் குளோரைடு (உப்பில் இருப்பது) கூடினால் இலை பார்க்கப் பளபளப்பாக இருக்கும், பற்றவைத்தால் நின்று எரியாமல் கருகி அணையும், வியாபாரி ஒரு துண்டைக் கொளுத்திப் பார்த்துவிட்டுக் கீழே போட்டுவிடுவார். உரத்திலும் குளோரைடு உள்ள மூரியேட் பொட்டாஷ் கூடாது, சல்பேட் பொட்டாஷ்தான். சிகரெட்டுக்குப் போகும் வர்ஜீனியா புகையிலைக்கு ஆந்திராவில் ஏலம் இருக்கிறது, நம்ம ஊர்ப் புகையிலைக்கு அது இல்லை, தனி வியாபாரியை நம்பித்தான் இறங்க வேண்டும்.

ஆசை விடவில்லை என்றால் போர்த் தண்ணீரை சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டி குளோரைடு அளவைக் கேளுங்கள். நன்றாக இருந்தால் வேடசந்தூர் புகையிலை ஆராய்ச்சி நிலையத்தில் ரகம் விசாரித்து, இலை எடுப்பவரிடம் விலையை எழுத்தில் வாங்கிக்கொண்டு, பத்து சென்டுக்கு மேல் போகாமல் நட்டுப் பாருங்கள். மேலே காப்பி நிழல் மரங்களில் மிளகு ஏற்றியிருக்கிறீர்களா? அதை எழுதவே இல்லையே.