பழைய லுத்தரன் சபை ஏடுகளில் ஜெர்மன் மூதாதையரைத் தேடுவது: கேள்வி பதில்

என் மனைவி வீட்டார் வுர்ட்டெம்பெர்க் பக்கத்து நெசவாளர்கள். அவர்களைத் தேடப் போய்த்தான் இந்தப் பைத்தியம் எனக்குப் பிடித்தது. வந்த கேள்விகளுக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, என் கணவர் ஜெர்மன்காரர். அவருடைய எள்ளுத்தாத்தா பெயர் யோஹான் மியூலர், லுத்தரன். இவ்வளவுதான் தெரியும். எங்கே ஆரம்பிப்பது?

பதில்: ஊர் பெயர் இல்லாமல் ஆரம்பிக்கவே வேண்டாம். மியூலர் என்றால் மாவு அரைப்பவர், ஊருக்கு ஊர் ஒருவர் இருந்திருப்பார். நாடு முழுவதற்கும் ஒரே பட்டியல் என்று எதுவும் கிடையாது, அந்தந்தச் சபையின் போதகர் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் என்று எழுதிவைத்த ஏடுதான். அரசாங்கப் பிறப்பு இறப்புப் பதிவு நாடு முழுக்க வந்ததே 1876 ஜனவரியில் (பிரஷ்யாவில் 1874 அக்டோபர், ரைன் நதிக்கு மேற்கே இன்னும் முன்பே). அதனால் முதல் வேலையாக மாமியார் வீட்டு பீரோவைக் கிளறுங்கள். 'ஆனென்பாஸ்' என்று ஒரு சின்னப் புத்தகம் கிடைக்கலாம். யூத வம்சம் கலக்கவில்லை என்று காட்டுவதற்காக நாஜி காலத்தில் ஜனங்கள் சபை சபையாக எழுதிக் கேட்டு நிரப்பியது அது. எதற்காக எழுதினார்கள் என்று நினைத்தால் வயிற்றைப் புரட்டும், ஆனால் ஊர், சபை, பதிவு எண் எல்லாம் முத்திரையோடு இருக்கும். வீட்டில் யாராவது அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியிருந்தால் ஹாம்பர்க் பயணிகள் பட்டியலையும் பாருங்கள், 1850 முதல் 1934 வரை இருக்கிறது, ஊர் பெயரும் எழுதியிருப்பார்கள்.

கேள்வி: ஊர் தெரியும். ஆன்லைனில் பார்க்க முடியுமா, காசு கட்ட வேண்டுமா?

பதில்: லுத்தரன் என்றால் ஆர்க்கியோன் தளம். காசுதான். பெயர் தட்டினால் வந்து விழும் என்று எதிர்பார்க்காதீர்கள், பெரும்பாலும் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். மாட்ரிகுலா என்ற இன்னொரு தளம் இலவசம், ஆனால் அதிகமாகக் கத்தோலிக்க ஏடுகள். பார்க்க வேண்டிய ஊர், வருடம் எல்லாம் முதலில் குறித்துவைத்துக்கொண்டு ஒரே மாதத்துக்குச் சந்தா கட்டி உட்கார்ந்துவிடுங்கள்.

கேள்வி: ஏடு கிடைத்துவிட்டது, ஒரு எழுத்துகூடப் புரியவில்லை. என் ஜெர்மன் பி2, அதாவது நடுத்தர நிலை.

பதில்: உச்ச நிலையான சி2 முடித்தவர்களுக்கே புரியாது, கவலைப்படாதீர்கள். அது 'குரெண்ட்' என்ற பழைய ஜெர்மன் கையெழுத்து முறை. அதில் 'ஈ' (e) எழுத்து 'என்' (n) மாதிரி இருக்கும், 'யு' (u) மேல் ஒரு சின்ன வளைவு போட்டிருப்பார்கள், அந்த வளைவைப் பிடித்துக்கொண்டால் பாதி வார்த்தை பிரிந்துவிடும். எல்லாவற்றையும் படிக்கப் பார்க்காமல், உங்கள் குடும்பப் பெயரைக் குரெண்டில் பத்து தடவை கையால் எழுதிப் பார்த்துவிட்டு அந்த வடிவத்தை மட்டும் பக்கத்தில் தேடுங்கள். தேதியில் ஒரு பொறி உண்டு: '7பெர்' (7ber) என்றால் ஏழாம் மாதம் இல்லை, செப்டம்பர். லத்தீனில் ஏழு 'செப்டெம்', அதனால் அப்படிச் சுருக்கினார்கள். '8பெர்' அக்டோபர், '9பெர்' நவம்பர். அப்புறம், 1700-இல் பிப்ரவரி 18-க்கு அடுத்த நாள் மார்ச் 1 என்று இருந்தால் போதகர் தூங்கிவிட்டார் என்று நினைக்காதீர்கள், அந்த வருடம்தான் புராட்டஸ்டண்ட் பகுதிகள் பழைய ஜூலியன் காலண்டரை விட்டு இன்றைய காலண்டருக்கு மாறின.

கேள்வி: ஒரே அப்பா அம்மாவுக்கு இரண்டு 'யோஹான் கேயார்க்' இருக்கிறார்கள். எழுத்துப் பிழையா?

பதில்: பிழை இல்லை. இதில் நானே ஒரு குளிர்காலத்தைத் தொலைத்தேன். மனைவியின் முன்னோர் ஒருவர் 1783-இல் ஞானஸ்நானம் பெற்றதைக் கண்டுபிடித்துவிட்டேன், ஆனால் இறப்பு ஏட்டில் எழுதிய வயதைக் கழித்துப் பார்த்தால் இரண்டு வருடம் இடித்தது. சரி, இவர் வேறு ஆள் என்று முடிவுகட்டி பக்கத்து மூன்று ஊர் ஏடுகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் பழைய பதிவுக்கே திரும்பிவந்து பெரிதாக்கிப் பார்த்தால், பெயருக்குப் பக்கத்தில் நான் மைத்துளி என்று நினைத்தது ஒரு சின்னச் சிலுவை. பிள்ளை பதினோரு மாதத்தில் இறந்திருக்கிறது. 1785-இல் பிறந்த அடுத்த பையனுக்கு அதே பெயரை வைத்திருக்கிறார்கள், நம் ஆள் அவன்தான். ஞானஸ்நானப் பதிவு கிடைத்த கையோடு அடுத்த ஐந்து வருட அடக்க ஏட்டையும் பார்த்துவிடுங்கள். இன்னொன்று, அண்ணன் தம்பி எல்லோருக்கும் முதல் பெயர் யோஹான் என்றே இருக்கும், வீட்டில் கூப்பிட்டது பெரும்பாலும் இரண்டாவது பெயர்.

கேள்வி: அம்மா பெயர் 'ஷ்னைடரின்' என்று இருக்கிறது. அப்படி ஒரு குடும்பப் பெயர் உண்டா?

பதில்: ஷ்னைடர்தான். பெண் என்பதால் 'இன்' சேர்த்திருக்கிறார்கள்.

கேள்வி: 1650-க்கு முன்னால் போக முடியுமா?

பதில்: ஊரைப் பொறுத்தது. 1618 முதல் 1648 வரை நடந்த முப்பதாண்டுப் போரில் சபையோடு சேர்ந்து ஏடும் எரிந்த ஊர்கள் ஏராளம், அங்கெல்லாம் முதல் பக்கமே போருக்குப் பிறகுதான். தப்பித்த ஊரென்றால் 1500-களின் பாதிவரைகூடப் போகலாம். பொமரேனியா, சிலேசியா மாதிரி இன்று போலந்தில் இருக்கும் இடங்கள் என்றால் பெர்லினில் உள்ள புராட்டஸ்டண்ட் மத்திய ஆவணக் காப்பகத்தைக் கேட்டுப் பாருங்கள், காப்பாற்றிக் கொண்டுவந்த ஏடுகள் சில அங்கே இருக்கின்றன.

கேள்வி: ஒரு ஞானஸ்நானப் பதிவு தலைகீழாக இருக்கிறது, மற்றதெல்லாம் நேராக. ஸ்கேன் கோளாறா?

பதில்: போதகரின் கோளாறு. கல்யாணம் ஆகாமல் பிறந்த பிள்ளை என்றால் சிலர் ஏட்டைத் திருப்பிவைத்து எழுதினார்கள். கைக்குழந்தைமேல் என்ன கோபமோ. அப்பா பெயர் இல்லையென்று விட்டுவிடாமல் ஞானப்பெற்றோர் பெயர்களைக் குறித்துவையுங்கள், அப்பா வீட்டு ஆள் ஒருவர் அதில் நிற்கலாம். அப்புறம் அடுத்த இரண்டு மூன்று வருடத் திருமண ஏட்டைப் பாருங்கள். அந்தப் பெண் பிள்ளையின் அப்பாவையே கட்டியிருந்தால், இந்தத் தலைகீழ்ப் பதிவின் ஓரத்தில் வேறொரு மையில் ஒரு வரி சேர்த்திருக்கலாம்.