கரண்டி விழட்டும்

கேள்வி: ராத்திரிச் சமையலில் இறங்கினாலே என் ஒன்பது மாதப் பெண் அழத் தொடங்கிவிடுகிறாள். இடுப்பில் வைத்துக்கொண்டுதான் கிளறுகிறேன். கைபேசியில் பாட்டுப் போட்டுக் கொடுத்தால் கொஞ்ச நேரம் சும்மா இருக்கிறாள். சமையல் முடிகிறவரை அவளுக்கு எப்படி வேடிக்கை காட்டுவது? வாக்கர் வாங்கிவிடலாமா?
- ஒரு வாசகி

பதில்: வேடிக்கையா? நீங்கள் தனியாக ஒன்றும் காட்ட வேண்டாம். தண்ணீர் கொட்டுகிறது, ஆவி எழுகிறது, கத்தி டக்டக் என்கிறது, மூடி டணார் என்கிறது, நடுவில் அம்மா நின்று அத்தனையையும் நடத்துகிறாள். ஒன்பது மாதத்துக்காரிக்கு இதற்கு மேல் என்ன வேடிக்கை வேண்டும்? பசியோ தூக்கமோ இல்லாமல் அவள் அழுகிறாள் என்றால், பெரும்பாலும் உங்கள் முதுகு மட்டும் தெரிகிறது என்றுதான் அழுகிறாள்.

எட்வர்ட் ட்ரானிக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970களில் ஒரு சோதனை செய்தார். தாய் குழந்தையோடு சிரித்து விளையாடுவாள். பிறகு இரண்டு மூன்று நிமிடம் முகத்தில் ஓர் அசைவும் இல்லாமல் வெறுமனே பார்ப்பாள். குழந்தை சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், கத்தும். எதுவும் பலிக்கவில்லை என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், அழும். அந்த வயதில் அம்மாவின் முகம்தான் பேச்சு. அதனால் காய் நறுக்குவதை அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்து செய்யுங்கள். தோல் சீவுகிறேன், கழுவுகிறேன், இதோ வெட்டியாச்சு என்று வாய் ஓயாமல் சொல்லுங்கள். அவள் ஏதாவது சத்தம் கொடுத்தால் பதில் கொடுங்கள். கைபேசிப் பாட்டு அந்தப் பதிலைக் கொடுக்காது. ஒரு வயதுக்குள் திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொல்லிவிட்டது.

கையில் ஒரு மரக்கரண்டி, ஒரு மூடி, ஒரு சின்னக் கிண்ணம் கொடுங்கள். உடனே கரண்டியைக் கீழே போடுவாள். எடுத்துக் கொடுப்பீர்கள், மறுபடியும் போடுவாள். 'வேண்டுமென்றே செய்கிறாள்' என்று பல வீடுகளில் அலுத்துக்கொள்கிறார்கள். ஆமாம், வேண்டுமென்றேதான் செய்கிறாள்! கரண்டி விழுந்தால் ஒரு சத்தம், மூடி விழுந்தால் வேறு சத்தம். மூடி கொஞ்சம் உருண்டும் போகிறது. கிண்ணம் கவிழ்ந்து நிற்கிறது. அம்மா குனிகிறாள், நிமிர்கிறாள், இந்தத் தடவை முகம் சிவக்கிறது. இதையும் அவள் குறித்துக்கொள்கிறாள். எல்லாப் பொருளும் ஒரே திசையில்தான் விழுகின்றனவா, ஒன்றாவது மேலே போகுமா என்பதைத் தானே போட்டுப் பார்க்காமல் அவள் ஒப்புக்கொள்ளப் போவதில்லை. சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே தன் மூன்று குழந்தைகளும் இப்படிப் பொருள்களோடு மல்லுக்கட்டுவதைப் பக்கத்திலேயே உட்கார்ந்து எழுதிவைத்தார். துணியால் மூடிய பொம்மை அதன் அடியில்தான் இருக்கிறது என்று தேடத் தொடங்குவது எட்டு மாத வாக்கில் என்று அவர் கண்டார். அந்த வயதைத்தான் உங்கள் பெண் இப்போது தாண்டியிருக்கிறாள். கிண்ணத்தைக் கவிழ்த்து அதற்கடியில் கரண்டியை ஒளித்துவையுங்கள், தேடட்டும். குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போனால் அவளைத் தரையிலேயே உட்கார வையுங்கள், பொருள்கள் எட்டாத தூரம் போகாது. கொடுப்பதில் சின்ன மூடியோ பட்டன் பேட்டரியோ இல்லை என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பேட்டரியை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே அந்த இடம் வெந்துவிடலாம்.

இடுப்பில் வைத்துக் கிளறுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். இன்றோடு நிறுத்துங்கள். 60 டிகிரி சூட்டுத் தண்ணீர் பெரியவர்களின் தோலையே சில நொடிகளில் ஆழமாகப் புண்ணாக்கும். குழந்தையின் தோல் அதைவிட மெல்லியது, உங்கள் வாணலியில் இருப்பதோ அதைவிடச் சூடு. தரையோ, பெல்ட் போட்ட உயர நாற்காலியோ, அடுப்பிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி இருக்கட்டும். பாத்திரக் கைப்பிடி சுவர்ப் பக்கம் திரும்பியிருக்கட்டும். தவறிப் பட்டுவிட்டால் 20 நிமிடம் குழாய்த் தண்ணீர் ஓட விட்டுவிட்டு மருத்துவரிடம் ஓடுங்கள். ஐஸ், பற்பசை எதுவும் வேண்டாம்.

ஒரு மீட்டருக்கு இடம் எங்கே என்று கேட்பீர்கள். நியாயம். சமையலறைகளைக் கட்டுகிறவர்கள் மேல் எனக்குப் பழைய கோபம் உண்டு. 1926-இல் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் ஜெர்மனியின் ஃப்ராங்க்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக வடிவமைத்த 'ஃப்ராங்க்ஃபர்ட் சமையலறை'யின் அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். ஒருவர் நிற்கத்தான் இடம். ஆனால் அந்த அம்மையார் பக்கத்து அறைக்கு அகலமான இழுகதவு வைத்தார், வேலை செய்துகொண்டே குழந்தைகளைப் பார்க்கலாம் என்று. இன்றைக்குப் பல வீடுகளில் அந்தக் குறுகல் மட்டும் இருக்கிறது, கதவைக் காணோம். சுவரைப் பார்த்து நின்று சமைக்கிற மாதிரி ஓர் அறையைக் கட்டிவிட்டுக் குழந்தை ஏன் அழுகிறது என்று கேட்கிறோம். உங்கள் சமையலறை அப்படி என்றால் நறுக்குகிற வேலை முழுவதையும் வெளி அறைக்குக் கொண்டுபோங்கள். அடுப்பு வேலையைப் பகலில் அவள் தூங்கும்போது பாதியாவது முடித்துவிடலாம். உங்கள் கடிதத்தில் வீட்டில் வேறு யாரைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை. வேறு ஆள் இருந்தால், அடுப்பு எரிகிற நேரம் பிள்ளை அவர் பொறுப்பு. அதை உதவி என்று சொல்லாதீர்கள்.

வாக்கரா? வேண்டாம். எழுதும்போதெல்லாம் 'எங்கள் பிள்ளைகள் அதில்தானே வளர்ந்தார்கள்' என்று சண்டைக்கு வருகிறார்கள், இந்தத் தடவையும் வரட்டும். வாக்கரில் இருக்கும் குழந்தை ஒரு நொடியில் ஒரு மீட்டர் ஓடும். நீங்கள் திரும்புவதற்குள் அடுப்பருகே நிற்கும், கையும் உயரமாக எட்டும். சீக்கிரம் நடக்கவும் அது உதவாது. கனடா 2004-இல் அதன் விற்பனையைத் தடை செய்தது, பழையதை விற்பதையும் சேர்த்து. யாராவது பரிசாகக் கொண்டுவந்தால் அடுத்த வீட்டுக் குழந்தைக்குத் தள்ளிவிடாதீர்கள். உடைத்துப் போடுங்கள்.