சர்ஃப் போர்டு செய்யப் போகிறேன் என்கிறான் மகன்: ஓர் அம்மாவுக்குப் பதில்

வணக்கம் அம்மா. பள்ளிப் படிப்பு முடிந்ததும் சர்ஃப் போர்டு, அதாவது கடல் அலையில் ஏறிச் சறுக்கும் பலகை, வடிக்கும் ஷேப்பர் ஆகப்போவதாகத் தம்பி பிடிவாதமாக இருக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். "அதையெல்லாம் இப்போது தாய்லாந்திலும் சீனாவிலும் தொழிற்சாலையில் செய்து குவிக்கிறார்களே, இவனுக்கு யார் வேலை கொடுப்பார்கள்?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். பயம் நியாயமானதுதான். ஆனால் எந்த வேலை போனது, எது போகவில்லை என்று பிரித்துப் பார்த்தால் வேறு மாதிரித் தெரியும்.

முதலில், இந்தத் தொழில் வெளிநாட்டுக்குப் போனது நேற்று நடந்த கதை இல்லை. தாய்லாந்தின் சோன்புரியில் இருக்கும் கோப்ரா நிறுவனம் 1978லேயே தொடங்கியது. ஆரம்பத்தில் பாய்மரம் கட்டிய விண்ட்சர்ஃப் பலகைகள் செய்தார்கள். பிறகு சர்ஃப்டெக் போன்ற அமெரிக்க பிராண்டுகளுக்காக, பெயர் பெற்ற ஷேப்பர்களின் வடிவங்களை அச்சில் வார்த்து எபாக்சி என்கிற பிசின் கொண்டு செய்த பலகைகளாக அனுப்பினார்கள். ஷேப்பருக்குத் தன் வடிவத்துக்கான உரிமைத்தொகை வந்துவிடும். பலகையை அவர் கையால் தொட வேண்டியதே இல்லை. அன்று இதற்குக் கடற்கரைப் பட்டறைகளில் ஏகப்பட்ட வசவு!

அப்புறம் 2005 டிசம்பர் 5. அமெரிக்க ஷேப்பர்களில் பெரும்பாலோருக்கு 'பிளாங்க்' என்கிற பாலியூரித்தேன் நுரைக்கட்டியைக் கொடுத்து வந்தது கலிபோர்னியாவின் கிளார்க் ஃபோம். அந்தத் திங்கட்கிழமை ஒரு ஃபேக்ஸ் அனுப்பிவிட்டுக் கடையைச் சாத்திவிட்டது. மறுநாள் செதுக்க என்ன இருக்கிறது என்று பட்டறைகள் திகைத்து நின்றன. கையிருப்புப் பிளாங்குகளின் விலை எகிறியது. புதிய நுரை ஆலைகள் எழுந்தன; எபாக்சிக்கும் இறக்குமதிப் பலகைக்கும் கதவு இன்னும் அகலமாகத் திறந்தது. உள்ளூரிலேயே செய்தாலும் ஒரே ஒருவரை நம்பியிருந்தால் என்ன ஆகும் என்று அன்று தெரிந்தது. தாய்லாந்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

இன்று எது கைவிட்டுப் போய்விட்டது? புதிதாகக் கற்பவர் வாங்கும் முதல் பலகை. அமெரிக்காவின் கோஸ்ட்கோ பேரங்காடியில் 100 டாலருக்கு வேவ்ஸ்டார்ம் பிராண்டு மென்பலகை விற்ற பிறகு, அந்த விலைக்கு எந்தப் பட்டறையும் வர முடியாது. கடையில் வரிசையாக நிற்கும் நடுத்தர விலைப் பலகைகளிலும் பெரும்பங்கு போய்விட்டது. ஃபைபர்கிளாஸ் என்கிற கண்ணாடி இழைத் துணி விரித்து, ரெசின் என்கிற இறுகும் பிசினை ஊற்றி, காயவிட்டு, தேய்த்துப் பளபளப்பாக்குவதுதான் ஆள்கூலி அதிகம் பிடிக்கிற வேலை. கூலி குறைந்த இடத்துக்கு முதலில் நகர்வதும் அதுதான்.

செதுக்கும் வேலையிலும் பெரும்பகுதி இயந்திரத்துக்குப் போய்விட்டது. கணினியில் வரைந்த வடிவத்தை கணினியே இயக்கும் சி.என்.சி. இயந்திரம் நுரையில் வெட்டித் தரும். பலகையில் '28.5 லிட்டர்' என்று கொள்ளளவு எழுதும் வழக்கம் பரவியதே இந்த மென்பொருள் வந்த பிறகுதான். ஆனால் வெட்டி வந்த பலகையைத் தம்பி ஒருமுறை தடவிப் பார்க்கட்டும். உழுத நிலம் மாதிரி நீள நீளமாக மெல்லிய வரிகள் இருக்கும். அவற்றைக் கையால்தான் தேய்த்து எடுக்க வேண்டும். ஷேப்பரின் அறையில் விளக்கை உச்சியில் மாட்டிவிட்டால் போதாது; பக்கச் சுவரில், இடுப்பு உயரத்தில், பலகை நெடுக மாட்டுவார்கள். சுவருக்கு அடர்நிறம் பூசியிருப்பார்கள். அப்போதுதான் ஒரு மில்லிமீட்டர் மேடு கூட நிழலாகக் காட்டிக்கொடுக்கும். அந்த நிழலைப் படிக்கிற கண் இன்னும் தேவைப்படுகிறது. பட்டறையில் மட்டுமல்ல, தொழிற்சாலையில் தரம் பார்க்கிற இடத்திலும்.

அதனால் என் யோசனை இது: ஷேப்பர் ஆகட்டும், ஆனால் ஷேப்பராக மட்டும் ஆக வேண்டாம். ஃபைபரும் ரெசினும் சேர்ந்தது போன்ற கூட்டுப்பொருள் அல்லது பாலிமர் தொழில்நுட்பத்தில் ஒரு பட்டயமோ பட்டமோ படிக்கட்டும்; கணினி வடிவமைப்பும் சேர்ந்தே வரட்டும். ஃபைபர், ரெசின், அச்சு, வெற்றிட அழுத்தம் தெரிந்தவருக்குப் படகு, காற்றாலை இறக்கை, விமானப் பாகம், செயற்கைக் கால் என்று பல கதவுகள் உண்டு. கோப்ராவே கார்களுக்குக் கார்பன் ஃபைபர் பாகங்கள் செய்கிறது. சர்ஃபிங் மந்தமானாலும் கையில் தொழில் இருக்கும். இதைத் தம்பியிடம் 'உனக்கு மாற்று ஏற்பாடு' என்று சொல்லாதீர்கள், முறைத்துக்கொள்வார். நல்ல பலகை செய்யவே இந்தப் படிப்பு வேண்டும் என்று சொல்லுங்கள். அது உண்மையும் கூட.

பெரும் கட்டணம் வாங்கிக்கொண்டு சில நாட்களில் ஷேப்பர் ஆக்குகிறேன் என்பவர்களிடம் இப்போதே பணம் கட்ட வேண்டாம். பழுது பார்க்கும் பட்டறையில் விடுமுறை முழுக்க நிற்கட்டும். தாய்லாந்தில் செய்த பலகையும் பாறையில் மோதினால் உள்ளூரில்தான் ஒட்டப்பட வேண்டும். அதைக் கப்பலில் திருப்பி அனுப்ப யாரும் போவதில்லை. உடைந்த பலகைதான் நல்ல வாத்தியார். தெர்மகோல் வகையான பாலிஸ்டைரீன் நுரையின் மேல் தவறிப்போய் பாலியெஸ்டர் ரெசினை ஊற்றினால் நுரை கண்முன்னே கரைந்து குழியாகிவிடும். ஒரு தடவை அதைப் பார்த்தவர் எந்த நுரைக்கு எந்த ரெசின் என்று பிறகு மறக்கவே மாட்டார்.

ஒரு விஷயத்தில் மட்டும் நீங்கள் கண்டிப்பாக இருங்கள்: முகமூடி. துணித்துணுக்கு அல்ல, ரசாயன ஆவியையும் தூசியையும் தடுக்கும் வடிகட்டி பொருத்தியது. ரெசின் ஆவியும் நுரைத்தூசியும் நுரையீரலுக்கு ஆகாது. முகமூடி இல்லாமல் தேய்க்கச் சொல்லும் பட்டறை எவ்வளவு பெயர் பெற்றதாக இருந்தாலும், அன்றே வெளியே வந்துவிடச் சொல்லுங்கள்.

சம்பளம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பல பட்டறைகளில் மாதச் சம்பளமே கிடையாது, பலகைக்கு இவ்வளவு என்றுதான் கணக்கு. குளிர்காலத்தில் ஆர்டர் குறையும். தனக்கென்று வாடிக்கையாளர்கள் சேர்வதற்குப் பல வருடங்கள் ஆகலாம். இதைத் தம்பியே ஒரு பட்டறைக்காரரிடம் நேரில் கேட்டு வரட்டும். நாம் சொன்னால் பயமுறுத்துவது போல இருக்கும்.

விடுமுறை முடிந்ததும் இருவரும் வாருங்கள். தம்பி தானே ஒட்டிய பலகை ஒன்றையும் எடுத்து வரட்டும். பக்கவாட்டில் விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு, எந்தப் படிப்புக்கு விண்ணப்பிப்பது என்று பேசுவோம்.